எப்சி அழுத வீடியோ

வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களில் பாதிப் பேருக்கு எப்சியைத் தெரியும். "என் பொண்ணுக்கு அந்த ஊசி வேணாம் டாக்டர்" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். அப்படிச் சொல்வதற்காகவே அவளைக் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள், மதியம் பிரியாணியும் வாங்கிக் கொடுப்பார்கள். எப்சிக்குப் பெண்ணும் கிடையாது, பையனும் கிடையாது என்பது அந்த டாக்டர்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும், தாய்மார்களிடம் எப்படிக் கேட்பது என்று டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிற வகுப்பு அது.

விஷயம் இதுதான். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வருகிற புற்றுநோய் ஒன்று உண்டு. அது வராமல் காக்க ஒரு தடுப்பூசி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே, பதினைந்து ஆவதற்குள், போட்டுவிடுவது நல்லது. இங்கிலீஷில் மணிக்கணக்காகப் பேசுகிற டாக்டர்களுக்கு இதை ஒரு தாயிடம் தமிழில் சொல்ல வாய் வராது. கர்ப்பப்பை என்றதும் தாய் மிரளுவாள். "எங்க பொண்ணு அந்த மாதிரி பொண்ணு இல்லீங்க" என்று தகப்பன் எழுந்து நின்றுவிடுவான். டாக்டர் ஒன்று கத்துவார், இல்லாவிட்டால் "உங்க இஷ்டம்" என்று கையைக் கழுவிவிடுவார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான், ஊசி போடாமல் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடும்.

இதை மாற்ற வேண்டும் என்று கிளம்பியவர் சாந்தகுமார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர். ஊர் ஊராக டாக்டர்களைக் கூட்டி வைத்து ஒரு நாள் வகுப்பு எடுப்பார். பாடம் நடத்தாதே, பயமுறுத்தாதே. மற்ற ஊசியைச் சொல்வதுபோல இதையும் சாதாரணமாகச் சொல். தாய் தயங்கினால், எதுக்கும்மா பயப்படுறீங்க என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். அவள் கொட்டி முடித்த பிறகு, "நான் என் பொண்ணுக்கே போட்டிருக்கேன், உங்க பொண்ணுக்கும் போடச் சொல்றேன்" என்று தெளிவாகச் சொல். இதைத்தான் வெவ்வேறு விதமாக நாள் பூராவும் சொல்வார். மதியத்துக்கு மேல் ஒத்திகை. ஒரு தாய் வந்து உட்காருவாள், ஒவ்வொரு டாக்டராக அவளோடு பேசிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாய் வேஷத்துக்கு முதலில் சென்னையிலிருந்து நாடகக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கொண்டு வந்தார்கள். "இதுல சைடு எஃபெக்ட்ஸ் பத்தி டேட்டா இருக்கா டாக்டர்?" என்று அவர்கள் கேட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேனில் போய் வருகிற எந்தத் தாய் இப்படிக் கேட்பாள்? சாந்தகுமார் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு எப்சி ஞாபகம் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிற கவுண்ட்டரில் உட்காருகிறவள். ஆம்பூரிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள். அவள் போகிற சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில், பெத்லகேமில் ராஜாவின் ஆட்களிடம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வருஷா வருஷம் எப்சிதான் அழுவாள். அவள் அழ ஆரம்பித்தால் ஆடு மேய்ப்பர் வேஷம் கட்டிய பொடிசுகள்கூட மூக்கை உறிஞ்சும்.

"ஊசி போட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது டாக்டர். ஆனா எதனா ஒண்ணு ஆச்சுன்னா எங்க மாமியா என்னத்தான் புடிச்சிக் கேப்பாங்க" என்றாள் எப்சி, முதல் நாள் ஒத்திகையில். எதிரே இருந்த டாக்டர் திருதிருவென்று முழித்தார். அன்றைக்கே அவள் வேஷம் நிரந்தரமாகிவிட்டது.

அவள் அதற்கு ஒத்துக்கொண்டது பிரியாணிக்காக அல்ல. அவளுடைய பெரியக்கா லீதியாள் அந்த நோயில்தான் செத்தாள். கடைசி நாட்களில் அறைக்குள் போகிறவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, துணி மாற்றி, துடைத்து, பக்கத்தில் படுத்துக் கிடந்தவள் எப்சி. அந்த வாசனையை அவளால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கே தாங்காத வாசனை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து எப்சிக்கு மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பி மகள் ஜெனிஃபாவுக்கு அந்த ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

தம்பி ஜெஸ்டன் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவன் மனைவி கிருபா அதே கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்காருகிறவள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர் உண்டு, ஜெனிஃபாவுக்கு மட்டும் அது கிடையாது. அத்தை வீட்டில் சாப்பிட்டு, அத்தையிடம் தலை பின்னிக்கொண்டு, அத்தை பக்கத்தில் படுத்து வளர்ந்தவள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பொங்கல் கழித்து அவள் பள்ளிக்கூடத்திலேயே அந்த ஊசியை இலவசமாகப் போட ஏற்பாடாகியிருந்தது. பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். "ஆவட்டும்க்கா, நீ சொன்னா சரி" என்று ஜெஸ்டன் சொல்லிவிட்டான். கிருபாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வகுப்புக்கு முந்தின நாட்களில் எப்சி வீட்டில் வசனம் சொல்லிப் பார்ப்பாள், அப்போது கிருபாதான் டாக்டர். கையில் கரண்டியோடு நின்றுகொண்டு "எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்பாள். ஜெனிஃபா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வினை வந்தது டிசம்பரில், வேலூரில் நடந்த வகுப்பில்.

முதலில் எதிரே வந்து உட்கார்ந்தவர் நவீன்குமார். வாலாஜாபேட்டையில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிற இளம் டாக்டர். எப்சி இரண்டு வார்த்தை இழுத்ததுமே அவருக்கு ஏறிவிட்டது. "உலகம் பூரா போடறாங்கம்மா, உங்களுக்கு மட்டும் இன்னா?" என்றார். எப்சி முந்தானையைச் சரி செய்துகொண்டு, "அப்ப உலகத்துக்கே போடுங்க டாக்டர்" என்று எழுந்துவிட்டாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நவீன்குமாரும் சிரித்துக்கொண்டே பின் வரிசைக்குப் போய், இனி வருகிறவர் படுகிற பாட்டைப் படம் பிடிக்கலாம் என்று போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

அடுத்து வந்தவர் முனீர் அகமது. ஆம்பூரில் அவர் கிளினிக் வாசலில் காலையிலிருந்தே செருப்புகள் குவிந்து கிடக்கும். கோபமே வராத மனிதர். பாடம் சொன்னபடியே தொடங்கினார், பாடம் சொன்னபடியே "எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்டார். நியாயப்படி எப்சி அங்கே கொஞ்சம் இளக வேண்டும். சரியான கேள்வி வந்தால் தாய் இறங்கி வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கேட்கும்போது அவர் கண் ஒரு தரம் கைக்கடிகாரத்துக்குப் போய் வந்தது. எப்சிக்குச் சுருக்கென்றது. கேள்வியைக் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறாரே, பதில் ஒன்று வந்தால் என்ன செய்வார் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எந்த வகுப்பிலும் சொல்லாத ஒன்றை அவள் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது.

"நான் ஸ்கூல்ல படிக்கசொல்ல இப்பிடித்தான் ஒரு ஊசி போட்டாங்க டாக்டர். நல்லதுன்னு சொல்லித்தான் போட்டாங்க. கல்யாணம் ஆயி மூணு தடவ உண்டாச்சு. மூணும் தங்கல. மூணாவது அஞ்சு மாசம். வெரலெல்லாம் இருந்துச்சு டாக்டர், நகங்கூட இருந்துச்சு. நாலாவதா இவ ஒருத்திதான் தங்குனா. இவளுக்கும் அந்த ஊசியப் போட்டு இவ வயித்தையும் காய வெக்கச் சொல்றீங்களா?"

அதோடு எப்சிக்கு அழுகை வந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்து அழுகை இல்லை அது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டது கட்டுக்கதை, நாலாவதாக ஒரு பெண் தங்கினாள் என்பதும் கட்டுக்கதை. நடுவில் இருந்த மூன்று மட்டும் நிஜம். அவள் கல்யாணம் ஆகி மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. மூன்றாவதற்குப் பிறகு புருஷன் பெங்களூருக்கு வேலை என்று போனான், போன இடத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பதினைந்து வருஷமாகிறது. அதையெல்லாம் எப்சி யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. கடைசியில் அவள் அதைச் சொன்னது ஒரு ஒத்திகையில், வேறொருத்தியின் கதையாக.

முனீர் அகமது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மூணு புள்ளைங்களப் பத்தி இன்னும் சொல்லும்மா, கேக்கறேன்" என்றார். அவர் நிஜமாகவே கேட்டார். பிறகு மெதுவாக, அன்றைக்குப் போட்டது வேறு ஊசியாக இருக்கும் என்றும், இந்த ஊசியால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது, காப்பாற்றத்தான் செய்யும் என்றும், தன் இரண்டு பெண்களுக்கும் போட்டிருப்பதாகவும் சொன்னார். எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப போட்டுடுங்க டாக்டர்" என்றாள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஒத்திகை நடந்ததில்லை என்று சாந்தகுமார் மைக்கில் சொன்னார்.

ஆனால் நவீன்குமாரின் போனில் இதெல்லாம் இல்லை. எப்சி அழுது ஓய்ந்து தலையைக் குனிந்ததும், நல்ல இடம் முடிந்தது என்று அவர் போனை அணைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அழுகை வரைக்கும்தான் நம் ஆட்களுக்குப் படம், அதற்குப் பிறகு எழுந்து செருப்பைத் தேடுவார்கள். நல்ல நடிப்பு என்று மனதாரப் பாராட்டி, அவர் அதைத் தன் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். அங்கிருந்து யாரோ எடுத்தார்கள், அதை வேறு யாரோ எடுத்தார்கள். எவரோ ஒரு புண்ணியவான் அதற்குத் தலைப்பும் வைத்தார். கர்ப்பப்பைப் புற்றுநோய்த் தடுப்பூசி என்று எழுதச் சோம்பல்பட்டு, 'கர்ப்பத் தடுப்பு ஊசி: ஒரு தாயின் கண்ணீர்' என்று போட்டுவிட்டார். புற்றுநோய் விழுந்துபோய், கர்ப்பத்தைத் தடுக்கிற ஊசியாகிவிட்டது. அதைப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குப் போடப் போகிறார்கள் என்றால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது?

பொங்கலுக்கு முன்பே அது ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. காலை வேனில் ஒரு போனில் ஓடியது சாயங்கால வேனில் எல்லாப் போனிலும் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் கிருபாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "இது உங்க நாத்தனார் தானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லாமல் எங்கே போவாள்? ஜெஸ்டனை பேக்கிங் பிரிவு ஆட்கள் தோளில் கை போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். "இத்தினி வருசமா இத மனசுல வெச்சினு இருந்துருக்காங்களே" என்றார்கள். பெங்களூரிலிருந்து பழைய புருஷனும் ஒரு வரி அனுப்பியிருந்தான். 'ஊசி விஷயத்தை அப்பவே சொல்லியிருக்கலாமே' என்று. பதினைந்து வருஷத்தில் அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது. எப்சி அந்த நம்பரை அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கவுண்ட்டரில் வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தகுமார் பதறிப்போய் ஒரு விளக்க வீடியோ தயார் செய்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, பின்னால் புத்தக அலமாரி தெரிய, தெளிவாகப் பேசினார். அதில் எப்சியும் வந்து, அது பயிற்சிக்காக நடித்தது என்று சொன்னாள். அதை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. நவீன்குமார் போன் செய்து, "ஸாரி மேடம், ரொம்பப் பேஜாரா போச்சு" என்றார். மிச்சத்தையும் எடுத்திருக்கக் கூடாதா என்று எப்சி கேட்டாள். "அதுக்கப்புறம் ஒண்ணும் பெருசா இல்லன்னு நெனச்சேன் மேடம்" என்றார் அவர்.

பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிற நாள் நெருங்கியும் சம்மதக் கையெழுத்துகள் வரவில்லை. தலைமை ஆசிரியை அமிர்தவள்ளி தாய்மார்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். பேச வந்தவர் முனீர் அகமது. பாடத்தில் இருந்த ஒன்றையும் அவர் விடவில்லை. கத்தவில்லை, பயமுறுத்தவில்லை, எதுக்கும்மா பயப்படுறீங்க என்று கடிகாரம் பார்க்காமல் கேட்டார். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் பதில் சொல்லாமல் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதில் எப்சி அழுதுகொண்டிருந்தாள். "எதிர்ல உக்காந்துனு இருக்கறது நீங்க தானே டாக்டர்? அந்தப் பொம்பள அவ்ளோ கதறுது, கல்லு மாதிரி உக்காந்துனு இருக்கீங்க. ஒரு வார்த்த பதில் சொன்னீங்களா?" என்று கேட்டாள். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அந்த வகுப்பிலேயே அவர் செய்த நல்ல காரியம். வீடியோவில் அது பதில் இல்லாமல் முழிப்பதுபோல இருந்தது. அவர் வெளியே வந்து எப்சிக்குப் போன் செய்தார்.

எப்சி அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து ஆம்பூருக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அவள் வருகிறாள் என்று தலைமை ஆசிரியை கூட்டத்தைக் கலைய விடவில்லை. அவளைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவு வீட்டுக்கு வந்தவளை வரவேற்பதுபோல இருந்தது.

"அது நடிப்பும்மா" என்றாள் எப்சி. "டாக்டருங்களுக்குப் பயிற்சி. நான் வருசா வருசம் நடிக்கறேன். என் பேரு எப்சி, ஆஸ்பத்திரில சீட்டு போடற வேல. எனக்குப் பொண்ணே கெடயாது. நாலாவதா ஒரு பொண்ணுன்னு சொன்னேனே, அதெல்லாம் சும்மா. கெடயவே கெடயாது."

 பின்னாலிருந்து தில்ஷாத் என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நாலாவதும் தங்கலயாக்கா?"

 இல்லை, நாலாவது என்று ஒன்று உண்டாகவே இல்லை என்றாள் எப்சி. அப்படியென்றால் மூணு நிஜமா என்று வேறொருத்தி கேட்டாள். எப்சி பொய் சொல்ல மறந்துபோய் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான். "பாவம், ஆஸ்பத்திரில வேல செய்யுது, மாத்திப் பேசலன்னா வேல போய்டும்" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் அதற்கு ஆமாம் போட்டார்கள். அவள் சத்தியம் செய்யச் செய்ய அவள் மேல் அவர்களுக்கு இரக்கம் ஜாஸ்தியானதே தவிர, ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. போகும்போது தில்ஷாத் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட எப்சி தாங்கியிருப்பாள்.

ஊர்ப் பிள்ளைகளை விடு, ஜெனிஃபாவுக்காவது போட்டுவிட வேண்டும் என்று எப்சி தன்னையே தேற்றிக்கொண்டாள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். வீட்டுக்கு உண்மை தெரியும். கூட நின்று ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தம்பி வீட்டுக்குப் போனாள். கிருபா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெஸ்டன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். நாளைக்குத்தான் கடைசி நாள், கையெழுத்து எங்கே என்று எப்சி கேட்டாள். ஜெஸ்டன் கிருபாவைப் பார்த்தான், கிருபா வெங்காயத்தைப் பார்த்தாள்.

"கம்பெனில தல காட்ட முடிலக்கா" என்றான் ஜெஸ்டன். "எங்க லைன்ல ஒருத்தர்கூடப் போடல. நான் மட்டும் எம் பொண்ணுக்குப் போட்டா, உங்கக்கா நெலமயப் பாத்தும் போடறியேன்னு காறித் துப்புவாங்க."

"லீதியா அக்கா நெலமய நீ பாத்தியாடா?" என்றாள் எப்சி. "கதவாண்டயே நின்னுட்டுப் போய்ட்ட. உள்ள வந்து பாத்திருந்தா இப்ப இப்பிடிப் பேச மாட்ட."

 எப்சி கிருபா பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு எதுக்கும்மா பயமா இருக்கு? சொல்லு" என்று கேட்டாள்.

கிருபா கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணி, இது டாக்டருங்களுக்குச் சொல்லித் தர்ற கேள்வி. எங்கிட்டயே நூறு வாட்டி கேக்க வெச்சிருக்கீங்க. இனி நீங்க வாய மூடிக்கினு உக்காருவீங்க. நான் பேசி முடிச்சதும் நானே எம் பொண்ணுக்குப் போட்டிருக்கேன்னு சொல்லணும். அந்த வசனம் உங்களுக்கு வராதே அண்ணி."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இருந்தும் சொன்னது சொன்னதுதான். எப்சி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் சொன்னபடி உட்கார்ந்ததாக அது ஆகிவிட்டது.

"பயம் இதான்" என்று கிருபா தானாகவே தொடர்ந்தாள். "ஊசியில ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா நாளைக்கு இவளக் கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் தள்ளிப் போச்சுன்னு வையுங்க. அந்த வீட்டுல அந்த வீடியோவத் தேடி எடுத்துக் காட்டுவாங்க. உங்க அத்தையே சொல்லியிருக்காங்களே, தெரிஞ்சே எங்க தலைல கட்டிட்டீங்கன்னு கேப்பாங்க. உங்களுக்கு அந்த வீட்டுல இன்னா நடந்துச்சுன்னு நான் பாத்தவ. எம் பொண்ணுக்கு அது வேணாம்."

"எனக்கு ஸ்கூல்ல ஊசியே போடல கிருபா. ஆண்டவர் சத்தியமா. நானா சேத்துச் சொன்னது."

"நம்பறேன். அழுதது? அதுவும் நடிப்பா?"

பதில் இரண்டே எழுத்து. ஆனால் எப்சி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அழுதது நிஜம் என்று சொன்னால் அந்த வீடியோவில் நிஜம் இருக்கிறது என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் தலையை ஆட்டி ஒரு ஊரையே கெடுத்தாயிற்று, இங்கேயும் கெடுக்கக் கூடாது என்று நினைத்தாள். வாசற்படியில் ஜெனிஃபா வந்து நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்ன சொல்லப் போகிறாள் என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக் கொடுக்கலாம் என்று எப்சிக்குத் தோன்றியது. விட்டுக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த அழுகை ஒன்றுதான்.

"ஆமா. நடிப்புதான். எனக்கு அதெல்லாம் எப்பவோ மறந்து போச்சு" என்றாள். வருத்தம் தெரியக் கூடாது என்று லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

கிருபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கிய கண்ணில் தண்ணீர் நின்றது. அது வெங்காயத்தால் மட்டும் அல்ல.

"மூணாவத துணில சுத்தி எடுத்துனு போகசொல்ல, நான் கல்யாணம் ஆயி வந்து நாலு மாசம் அண்ணி. நீங்க என் கையப் புடிச்சிக்கினு, ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டச் சொல்லுன்னு கெஞ்சுனீங்க. நான்தான் துணியப் பிரிச்சிக் காட்டுனேன்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதையே நடிப்புன்னு சிரிச்சினு சொல்றீங்க. இதுக்கு இப்பிடிப் பொய் சொல்றவங்க, இந்த ஊசி நல்லதுன்னு சொல்றத மட்டும் நான் எப்பிடி நம்பறது?"

ஜெஸ்டன் டி.வி.யை மொத்தமாக நிறுத்திவிட்டான். எப்சி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு நிஜமும் இல்லை, பொய்யும் இல்லை, இரண்டையும் அவளே செலவழித்துவிட்டிருந்தாள். "பேச்ச விடுங்க, சாப்டுட்டுப் போங்க அண்ணி" என்று கிருபா மறுபடியும் கத்தியை எடுத்தாள். எப்சி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

பள்ளிக்கூடத்தில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களை ஒரே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். ஜெனிஃபா அதில் இல்லை. பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியில் கூட்டிப் போய்ப் போடவும் வழியில்லை. சாந்தகுமார் இரண்டு தரம் கூப்பிட்டும் எப்சி வகுப்புக்குப் போகவில்லை. இப்போது சென்னையிலிருந்து மறுபடியும் அந்தப் பெண்கள் வருகிறார்கள், டேட்டா கேட்கிறார்கள், டாக்டர்களுக்கும் அது சுலபமாக இருக்கிறது.

அக்கம்பக்கத்தில் முன்பெல்லாம் எப்சியைப் பற்றிப் பேச்சு வந்தால், பாவம், மூணும் தங்கவில்லை என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். இப்போது தம்பி வீட்டில்கூட அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. போன வாரம் ஜெனிஃபா அவளிடம் தலை பின்னிக்கொண்டே, "அத்த, உங்களுக்கு நெஜமாவே அதெல்லாம் ஞாபகம் இல்லியா?" என்று கேட்டாள். எப்சி சீப்பை நிறுத்தாமல், இல்லை என்றாள்.